ஆள் கடத்தல், மோசடி முகாம்கள், நாட்டின் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிகளிலும் ஐடிஐ-களிலும் வெளிநாட்டு வேலை பற்றிப் பேசப் போனால் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலும் மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் நடக்கும் ஆன்லைன் மோசடி முகாம்களைப் பற்றி. வேலை என்று சொல்லி அழைத்துப் போனவர்களைப் பூட்டி வைத்து, இணையம் வழியாகப் பிறரை ஏமாற்ற வைக்கும் வளாகங்கள் அவை. கூட்டம் முடிந்தபின் பெற்றோர் தனியாக வந்து கேட்பவையும் இதில் உண்டு. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஆள் கடத்தல்னா புள்ள புடிக்கிறது, பொண்ணுங்கள விக்கிறது. பாவம்தான். ஆனா அது போலீஸ் கேஸ். இதுக்கு எதுக்கு நாட்டுப் பாதுகாப்புன்னு பெரிய பேச்சு?

போலீஸ் கேஸ்தான். ஆனால் 2019-இல் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்த முகமை விசாரிக்கக்கூடிய குற்றங்களில் சைபர் பயங்கரவாதம், தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள் ஆகியவற்றோடு ஆள் கடத்தலையும் நாடாளுமன்றம் சேர்த்தது. அதற்கு முன்பே, 2016 டிசம்பரில், ஐ.நா. பாதுகாப்பு அவை 2331-ஆம் தீர்மானத்தில் போர்ப் பகுதிகளில் நடக்கும் ஆள் கடத்தலைப் பயங்கரவாதத்தோடு சேர்த்தே பேசியது. ஐ.எஸ். அமைப்பு ஈராக்கின் சிறுபான்மையினரான யாசிதிப் பெண்களைச் சந்தை போட்டு விற்றதை உலகம் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

கடத்தப்பட்டவரை விற்றுக் கிடைக்கும் பணமும் அவரை வேலை வாங்கிக் கிடைக்கும் பணமும் ஓர் ஆயுதக் குழுவின் கைக்குப் போனால், அங்கேயே அது பாதுகாப்புப் பிரச்சினை ஆகிவிடுகிறது. தென்கிழக்கு ஆசிய முகாம்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கடத்திப் போன ஆளை வைத்தே அவருடைய சொந்த நாட்டு மக்களின் சேமிப்பைச் சுரண்டுகிறார்கள். தமிழ் பேசுபவனை வேலைக்கு எடுப்பது தமிழில் பேசி ஏமாற்றுவதற்குத்தான்.

அந்த முகாமெல்லாம் எங்க இருக்கு? அங்க கவர்ன்மென்ட்டே கிடையாதா?

அதிகம் பேர் சொல்லும் இடம் மியான்மரின் மியாவாடி. தாய்லாந்தின் மே சோட் நகரத்துக்கும் அதற்கும் நடுவில் மோய் என்ற ஆறு ஓடுகிறது. பெரிய ஆறெல்லாம் இல்லை, படகில் சில நிமிடத்தில் தாண்டிவிடலாம். அந்தக் கரையில் கேகே பார்க், ஷ்வே கொக்கோ என்று வரிசையாக முகாம்கள். கம்போடியாவில் சிஹானுக்வில், லாவோஸில் தங்க முக்கோணச் சிறப்புப் பொருளாதார மண்டலம். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாய மோசடி வேலையில் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது.

மியாவாடிப் பக்கம் அரசாங்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 2010-இல் மியான்மர் ராணுவத்தின் துணைப்படையாக மாறிய கரென் எல்லைக் காவல் படைதான் அங்கே எல்லாம். அதன் தலைவர் சா சிட் து. அந்தப் படை பின்னாளில் கரென் தேசிய ராணுவம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நிலம் தருவது, காவல் போடுவது, கப்பம் வாங்குவது இவர்கள் வேலை. கட்டடம் கட்டி மோசடி நடத்தியவர்கள் பெரும்பாலும் சீனக் கும்பல்கள். 2023 டிசம்பரில் பிரிட்டனும் 2025 மே மாதத்தில் அமெரிக்காவும் சா சிட் து மீது தடை விதித்தன. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு உள்நாட்டுப் போர் பற்றிக்கொண்டதால், எல்லைப் பக்கம் தன்னோடு நிற்கும் படைகளை மியான்மர் ராணுவமும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை.

எங்க பையன் இஷ்டப்பட்டுத்தான் போனான். டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாம் ஒரிஜினல். யாரும் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகலையே, இது எப்படி கடத்தல்?

இதை நான் அதிகம் கேட்பது தகப்பன்மாரிடம். வெட்கம் கலந்த கேள்வி. மகன் முட்டாள்தனம் செய்துவிட்டான், வெளியே சொன்னால் அசிங்கம் என்று நினைத்துப் பல குடும்பங்கள் புகாரே கொடுப்பதில்லை.

ஏமாற்றி அழைத்துப் போவதும் கடத்தல்தான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவில் மிரட்டல், பலவந்தம் ஆகியவற்றோடு மோசடியும் ஏமாற்றுதலும் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை என்றும் அதே பிரிவு விளக்குகிறது. ஒருவரைக் கடத்தினால் 7 முதல் 10 ஆண்டு, ஒருவருக்கு மேல் என்றால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். உங்கள் மகன் பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலைக்குத்தான் சம்மதித்தான். மியாவாடியில் பூட்டிய கட்டடத்தில் மோசடி செய்வதற்குச் சம்மதிக்கவில்லை.

படிக்காதவங்க, வெவரம் தெரியாதவங்கதானே இதுல மாட்டுவாங்க?

நேர்மாறு. கம்ப்யூட்டர் தெரிந்த, ஓரளவு ஆங்கிலம் வரும் ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். 2022-இல் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டபோதே, ஐடி தெரிந்த இளைஞர்களை ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ வேலை என்று துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் ஏஜென்ட்டுகள் தாய்லாந்துக்கு அனுப்புவதாகச் சொன்னது. இன்டர்வியூவில் டைப்பிங் டெஸ்ட் வைப்பார்கள். பையனுக்கு அதனாலேயே நம்பிக்கை வந்துவிடும்.

இங்கே சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்று இருக்கும். அரசு பட்டியலிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போனால் ஒப்பந்தத்தை அதிகாரிகள் பார்த்துத்தான் விடுவார்கள். பத்தாம் வகுப்பு தேறிவிட்டால் அந்தச் சல்லடையே கிடையாது. போதாக்குறைக்கு, அந்த 18-இல் தாய்லாந்து இருக்கிறது, மியான்மர், கம்போடியா, லாவோஸ் இல்லை. வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவரை மனதில் வைத்துப் போட்ட ஏற்பாடு. பி.ஈ. முடித்தவன் டூரிஸ்டாக பாங்காக் விமானம் ஏறும்போது அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

உள்ள என்னதான் வேலை வாங்குறாங்க?

திரும்பி வந்தவர்கள் சொல்வது ஊருக்கு ஊர் அவ்வளவாக மாறுவதில்லை. பாங்காக் ஏர்போர்ட்டில் கார் காத்திருக்கும். ஆபீஸ் பக்கத்தில்தான் என்பார்கள். ஆனால் கார் ஏழெட்டு மணி நேரம் ஓடும். மே சோட் வரை சுமார் 500 கிலோமீட்டர். நடுவில் காரை மாற்றுவார்கள். இருட்டில் ஆற்றைத் தாண்டியபின் போனில் பார்த்தால்தான் நாடு மாறியதே தெரியும். பாஸ்போர்ட் அப்போதே கைமாறியிருக்கும்.

மறுநாள் மேசையில் நாலைந்து போன், ஒவ்வொன்றிலும் ஓர் அழகான பெண்ணின் பெயரில் கணக்கு. என்ன பேச வேண்டும் என்பது அச்சடித்த தாளில் இருக்கும். முதல் நாள் தவறி வந்த மெசேஜ் மாதிரி, நாலாம் நாள் சமையல் படம், இரண்டாம் வாரம் ‘என் மாமா ஒரு டிரேடிங் ஆப் சொன்னார்’. எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தால் வீடியோ காலில் பேச நிஜமாகவே ஒரு பெண்ணை மாதச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்கள். அமெரிக்கர்களைக் குறிவைக்கும் குழுவுக்கு ராத்திரி ஷிப்ட். நாளுக்கு இத்தனை புது ஆள் பிடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. தவறினால் சம்பளத்தில் பிடித்தம், வெயிலில் ஓட்டம், ஷாக் அடிக்கும் தடி. அதற்கும் சரிப்படாதவனை அடுத்த கம்பெனிக்கு விற்றுவிடுவார்கள், வாங்கிய விலை அவன் தலையில் கடனாக ஏறும். இந்த விலைப் பேச்சை அவன் முன்னாலேயே நடத்துவார்களாம்.

இதனால நம்ம நாட்டுக்கு உண்மையிலேயே எவ்வளவு நஷ்டம்?

சைபர் மோசடியில் இந்தியர்கள் இழந்ததாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன தொகை 2023-இல் 7,465 கோடி ரூபாய், 2024-இல் 22,845 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இது புகார் பதிவான கணக்கு மட்டும். இதில் பெரும் பங்கு மியான்மர், கம்போடியா, லாவோஸ் பக்கத்திலிருந்து நடப்பதாக உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் சொல்கிறது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று போலீஸ் சீருடையில் வீடியோ காலில் மிரட்டும் மோசடியும் இதில் சேர்த்தி.

ரூபாய்க் கணக்கோடு விஷயம் முடிவதில்லை. இந்த மோசடி நடக்க இந்திய சிம் கார்டுகள் வேண்டும், பணத்தை வாங்கிக் கைமாற்ற வாடகை வங்கிக் கணக்குகள் வேண்டும், கடைசியில் கிரிப்டோவாக மாற்ற ஆள் வேண்டும். ஆகவே அங்கே ஒரு முகாம் ஓடினால், அதற்குத் தீனி போட இங்கே ஒரு வலைப்பின்னல் ஓடுகிறது. போதைப்பொருளோ ஆயுதமோ வாங்க நினைப்பவருக்கும் அதே வலைப்பின்னல் பயன்படும். கம்போடியாவின் ஹூயோன் என்ற நிதிக் குழுமம் 2021 முதல் 2025 ஜனவரிக்குள் குறைந்தது 400 கோடி டாலர் கறுப்புப் பணத்தை வெளுத்ததாக அமெரிக்க நிதித்துறை சொன்னது. வடகொரிய ஹேக்கர்கள் திருடிய பணமும் தென்கிழக்கு ஆசிய மோசடிப் பணமும் அதில் ஒரே வாய்க்காலில் ஓடியிருக்கின்றன.

தமிழ்நாட்டுலேந்து எத்தனை பேர் போயிருப்பாங்க?

2022 ஜனவரி முதல் 2024 மே வரை சுற்றுலா விசாவில் தாய்லாந்து, கம்போடியா, மியான்மர், வியட்நாம் போனவர்களில் 29,466 இந்தியர்கள் திரும்பவில்லை என்று குடிவரவுத் துறை கணக்கெடுத்தது. பஞ்சாப், மகாராஷ்டிராவுக்கு அடுத்து மூன்றாவதாகத் தமிழ்நாடு, 3,124 பேர். எல்லோரும் முகாமில்தான் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, வேறு வேலை பார்ப்பவர்களும் இருப்பார்கள். 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதிய பிறகு, அக்டோபர் தொடக்கத்தில் 13 பேர் சென்னை வந்து இறங்கியதுதான் இங்கே பலர் இதைக் கேள்விப்பட்ட முதல் தடவை. இலங்கை இளைஞர்களும் மியாவாடியில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

மத்த நாடுங்க இத பாதுகாப்புப் பிரச்சினையா பாக்குறாங்களா, இல்ல நாமதான் பெரிசாக்குறோமா?

சீனாவைப் பாருங்கள். தன் எல்லையை ஒட்டிய கோகாங் பகுதியில் மோசடி முகாம்கள் பெருகியும் மியான்மர் ராணுவம் அசையாதது பெய்ஜிங்கை எரிச்சலூட்டியது. 2023 அக்டோபர் 27-இல் மூன்று ஆயுதக் குழுக்கள் சேர்ந்து ராணுவத்தைத் தாக்கின. மோசடியை ஒழிப்பதும் எங்கள் நோக்கம் என்று அறிவித்துக்கொண்டே போரில் இறங்கின. சீனா தடுக்கவில்லை. 2024 ஜனவரியில் கோகாங் தலைநகர் லாவ்காய் விழுந்தது. பல்லாயிரம் பேர் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்த ஊரை ஆட்டிப்படைத்த மிங் குடும்பக் கும்பலைச் சேர்ந்த 11 பேருக்கு 2025 செப்டம்பரில் சீன நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மோசடி முகாம் ஒரு உள்நாட்டுப் போரின் போக்கையே திருப்பியது என்றால் அது மிகை இல்லை.

பிலிப்பைன்ஸ் கதை இன்னும் விசித்திரம். பம்பான் என்ற ஊரில் மேயர் ஆலிஸ் குவோவின் அலுவலகத்துக்குப் பின்புறமே ஒரு மோசடி வளாகம். 2024 மார்ச்சில் சோதனை போட்டார்கள். மேயர் யார், எங்கே பிறந்தார் என்று செனட் கேட்டபோது பதில்கள் ஒட்டவில்லை. நாட்டை விட்டு ஓடி இந்தோனேசியாவில் பிடிபட்டார். அவர் சீனக் குடிமகள் என்று 2025-இல் மணிலா நீதிமன்றம் முடிவு செய்தது, அதே ஆண்டு நவம்பரில் ஆள் கடத்தல் வழக்கில் ஆயுள் தண்டனை. ஒரு நாட்டின் உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்து நாற்காலியில் உட்கார்கிற அளவுக்கு இந்தப் பணத்துக்கு நீளமான கை.

தாய்லாந்து கரண்ட்டையே கட் பண்ணிட்டாங்களே, இன்னுமா ஓடுது?

2025 ஜனவரியில் சீன நடிகர் ஒருவரை மே சோட் வழியாகக் கடத்திக்கொண்டு போனதும் சீனச் சுற்றுலாப் பயணிகள் தாய்லாந்துக்குப் போகத் தயங்கினார்கள். அதுவரை மெத்தனமாக இருந்த தாய்லாந்து பிப்ரவரி 5-இல் எல்லை தாண்டிப் போகும் மின்சாரம், எரிபொருள், இணையத்தை நிறுத்தியது. ஏழாயிரம் பேருக்கு மேல் வெளியே விடப்பட்டார்கள். மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் 549 பேரை அழைத்து வந்தன.

முகாம்கள் ஜெனரேட்டருக்கும் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத்துக்கும் மாறிக்கொண்டன. அக்டோபரில் மியான்மர் ராணுவம் கேகே பார்க்கில் நுழைந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆற்றைத் தாண்டி மே சோட்டுக்கு ஓடினார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் இந்தியர்கள், நவம்பரில் மறுபடி விமானப்படை விமானம் போனது. 2,500-க்கும் அதிகமான ஸ்டார்லிங்க் கருவிகளை முடக்கியதாக அதை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் சொன்னது. ஓரிடத்தில் அடித்தால் இன்னோரிடத்தில் முளைக்கிறது, முதலாளிகள் பெரும்பாலும் முன்கூட்டியே நகர்ந்துவிடுகிறார்கள். பிடிபடுவது கீ-போர்டில் உட்கார்ந்திருந்தவன்.

ரஷ்யாவுக்குப் போயி போர்ல மாட்டினாங்களே, அதுவும் இதே கதைதானா?

வழி அதேதான். ஹெல்பர், செக்யூரிட்டி என்று சொல்லி அனுப்பி, அங்கே போனதும் ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்து. 2024 மார்ச்சில் சிபிஐ இந்த வலையைப் பிடித்தபோது சோதனை நடந்த ஊர்களில் மதுரையும் சென்னையும் உண்டு. 2025 ஜனவரியில் வெளியுறவுத் துறை சொன்ன கணக்கில் ரஷ்ய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் 126 இந்தியர்கள், அதில் 12 பேர் இறந்துவிட்டார்கள். இலங்கையின் முன்னாள் ராணுவத்தினரையும் இதே போல ஏமாற்றியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் குடிமகன் இன்னொரு நாட்டின் போரில் சீருடையோடு நிற்பது அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கையையே சங்கடத்தில் விடும்.

அப்போ ஏர்போர்ட்லயே எல்லாரையும் நிறுத்தி விசாரிச்சா முடிஞ்சுதே?

ஆண்டுக்கு 20 லட்சம் இந்தியர்களுக்கு மேல் தாய்லாந்து போகிறார்கள். இவர்களில் யாரைச் சந்தேகப்படுவது? கடைசியில் மாட்டுவது கசங்கிய சட்டையும் திணறும் ஆங்கிலமும் உள்ளவன்தான். முகாமுக்குப் போகிறவன் ஓட்டல் புக்கிங், ரிட்டர்ன் டிக்கெட், மனப்பாடம் செய்த பதில் எல்லாவற்றோடும் வருவான். பாதுகாப்பு என்று சொன்னதும் எல்லையில் ஆளைக் குவிக்கத் தோன்றுவது இயல்பு. என்னைக் கேட்டால், கவனிக்க வேண்டியவர் ஊரிலேயே இருக்கும் சப்-ஏஜென்ட்.

உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது 1983 குடியேற்றச் சட்டப்படி குற்றம். தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டு, அபராதம் 2,000 ரூபாய் வரை. எழுத்துப்பிழை இல்லை, இரண்டாயிரம்தான். ஒரு ஆளை அனுப்பினால் கிடைக்கும் கமிஷனில் அது டீச்செலவு. மேலே சொன்ன 143-ஆம் பிரிவைச் சேர்த்து வழக்குப் போட்டால்தான் அவருக்குப் பயம் வரும். சாதாரண ஏமாற்று வழக்காகப் பதிந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் பேசி முடித்துவிடுவார்.

ஏஜென்ட் எங்க மாமா வழி சொந்தம். எப்படி சந்தேகப்படுறது?

சந்தேகப்பட வேண்டாம், சரிபாருங்கள். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உரிமம் பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான். வேலைக்குப் போக டூரிஸ்ட் விசா என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘போய் மாத்திக்கலாம்’ என்ற சொல்லை நம்பிப் போனவர்கள்தான் இந்தப் பக்கம் முழுவதும் வருகிறார்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

தம்பி உள்ள இருக்கான். நாலு லட்சம் கட்டினா விடுறேங்கிறாங்க. கட்டலாமா?

கட்டியபின் விடப்பட்டவர்களும் உண்டு, கட்டியபின் அடுத்த கம்பெனிக்கு விற்கப்பட்டவர்களும் உண்டு. அந்தக் குடும்பத்தின் இடத்தில் நான் இல்லாததால் கட்டாதே என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் கட்டுவதற்கு முன் மூன்று இடத்தில் தகவல் போயிருக்க வேண்டும்: அந்த நாட்டின் இந்தியத் தூதரகம், அயலகத் தமிழர் நலத் துறை, உள்ளூர் போலீஸ். தம்பி அனுப்பிய லொகேஷன், கட்டடத்தின் படம், கம்பெனியின் பெயர், பாஸ்போர்ட் நகல், ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வையுங்கள். தம்பி போனில் பேசும்போது யாராவது பக்கத்தில் நிற்கலாம் என்பதை மறக்காதீர்கள். மீட்பு முயற்சி பற்றி அவனிடம் கேட்காதீர்கள்.

வெளியே வந்தால் விசா இல்லாமல் எல்லை தாண்டியதற்கும் தாய்லாந்தில் கூடுதல் நாள் தங்கியதற்கும் அங்கே விசாரணை இருக்கும். தாய்லாந்து அபராதம் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட். பயப்பட வேண்டியதில்லை. கடத்தப்பட்டவன் என்பதை முதல் விசாரணையிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

எங்க சித்தப்பா ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும் போச்சு. அத எடுத்தவனும் இப்படி ஒருத்தன்தானே? அவனுக்கு விமானம் அனுப்பி கூட்டிட்டு வரணுமா?

நியாயமான கோபம். சித்தப்பா உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தாரா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன், பணம் வாடகைக் கணக்குகளில் நகர்வதற்குள் முடக்க அதுதான் வழி.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இல்லை. பிரிட்டனின் 2015 சட்டம், அடிமையாக இருந்தபோது கட்டாயத்தால் செய்த பல குற்றங்களுக்குத் தற்காப்பு தருகிறது. நம்மிடம் அப்படித் தனி ஏற்பாடு இல்லை. நியாய சன்ஹிதாவின் 32-ஆம் பிரிவில் மிரட்டலுக்குப் பணிந்து செய்ததற்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த நொடியே உயிர் போகும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும். ஷாக் தடியும் ‘உன்னை விற்றுவிடுவேன்’ என்ற மிரட்டலும் அதில் அடங்குமா என்பது வழக்கறிஞரின் திறமையைப் பொறுத்தது. விரும்பியே போய்ச் சம்பாதித்தவர்களும் அந்த விமானத்தில் வருகிறார்கள் என்பது உண்மை, அதனால்தான் இறங்கியதும் விசாரணை நடக்கிறது.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. திரும்பி வந்தவனை முதல் நாளே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் அவன் வாயைத் திறக்க மாட்டான். எந்த மாடியில் எந்த முதலாளி, எந்த வங்கிக் கணக்குகள், இந்திய சிம்கள் யார் மூலம் வந்தன என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். சித்தப்பாவின் பணம் போன பாதையைச் சொல்லக்கூடியவனும் அவனே.

ரெண்டு பேரச் சேத்துவிட்டா நீ வீட்டுக்குப் போகலாம்னு சொல்லியிருக்காங்க. எங்க தெருப் பையன் ரெண்டு பேர வரவெச்சுட்டு வந்துட்டான். இவன் மாட்டினவனா, ஏஜென்ட்டா?

இரண்டுமாக இருக்கலாம். உள்ளே இருந்தபோது கட்டாயத்தில் செய்ததா, வெளியே வந்தபின்னும் கமிஷன் வந்ததா, வரப்போகிறவர்களிடம் உண்மையை மறைக்க எவ்வளவு மெனக்கெட்டான் என்பதை வைத்துத்தான் போலீஸும் நீதிமன்றமும் பார்க்கும். தெருவில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

இப்போதைக்கு அந்த இரண்டு பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். எந்தக் கட்டடம், எந்த மாடி, யாரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள் என்பது இவனுக்குத் தெரியும், போனில் டெலிகிராம் பேச்சும் இருக்கும். அவன் அதை அழிப்பதற்குள், ஒரு வழக்கறிஞரையும் அந்த இரண்டு வீட்டுக்காரர்களையும் உடன் வைத்துக்கொண்டு அவனைப் போலீஸிடம் வாக்குமூலம் கொடுக்க வையுங்கள். அடிக்கப் போகிறோம் என்று ஊரே அவன் வீட்டு வாசலில் நின்றால் முதலில் உடைவது அந்த போன்தான்.